ஹட்செப்சுட்: எகிப்தின் பெண் பார்வோன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்செப்சுட் யார்? எந்தக் காலத்தவர்?

பண்டைய எகிப்தின் 18ஆம் அரசமரபைச் சேர்ந்தவர். ஏறத்தாழ கி.மு. 1479 முதல் கி.மு. 1458 வரை, 20 ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டின் ஆட்சி அவர் கையில் இருந்தது. தொடக்கத்தில் சிறுவனான அரசனின் சார்பில் ஆட்சியை நடத்தியவர், சில ஆண்டுகளிலேயே முழு அரச விருதுகளோடு பார்வோனாக முடிசூட்டிக்கொண்டார். ‘ஹட்செப்சுட்’ என்பது அவருடைய இயற்பெயர். ‘உயர்குலப் பெண்களுள் முதன்மையானவள்’ என்று பொருள். முடிசூடியபோது ஏற்ற பெயர் ‘மாத்காரே’. நீதியையும் உலக ஒழுங்கையும் குறிக்கும் ‘மாத்’ என்ற சொல்லும், சூரியக் கடவுளான ‘ரா’வின் பெயரும் அதில் அடங்கியுள்ளன.

கிளியோபாத்ராவுக்கு முன்னா, பின்னா?

மிகவும் முன். கிளியோபாத்ரா இறந்தது கி.மு. 30இல், ஹட்செப்சுட் அதற்கு 1,400 ஆண்டுகளுக்கும் முந்தியவர். கிளியோபாத்ரா கிரேக்க வழி வந்த தாலமி மரபினர். ஹட்செப்சுட்டோ தீப்ஸ் நகரத்தை, அதாவது இன்றைய லக்சரை, மையமாகக் கொண்ட எகிப்திய மரபினர். எகிப்தில் அரசராக ஆண்ட முதல் பெண் என்று இவரைச் சிலர் குறிப்பிடுவது சரியன்று. 12ஆம் அரசமரபின் இறுதியில், இவருக்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே, சோபெக்நெஃபெரு என்ற பெண் அரச விருதுகளோடு ஆண்டிருக்கிறார். ஆனால் அது மரபு முடியும் தறுவாயில் அமைந்த குறுகிய ஆட்சி. ஹட்செப்சுட் ஆண்டதோ நாடு செழித்திருந்த காலத்தில், அரியணைக்குரிய ஆண் வாரிசு அரண்மனையிலேயே இருந்தபோது. வரலாற்றாசிரியர்களை இன்றுவரை இவர் பக்கம் இழுப்பது இந்த நிலைமைதான்.

அரியணை அவருக்கு எப்படிக் கிட்டியது?

இதற்கு முதலில் குடும்ப உறவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தை முதலாம் தூத்மோஸ். தாய் அவருடைய பட்டத்தரசி அஹ்மோஸ். முதலாம் தூத்மோஸுக்கு முத்னோஃப்ரெத் என்ற மற்றொரு மனைவியிடம் பிறந்த மகனே இரண்டாம் தூத்மோஸ். எகிப்திய அரச குடும்ப வழக்கப்படி ஹட்செப்சுட் தந்தைவழிச் சகோதரரான இவரையே மணந்தார். அவர்களுக்கு நெஃபெரூரே என்ற மகள் பிறந்தாள். இரண்டாம் தூத்மோஸ் இளமையிலேயே இறந்தார். அப்போது அரியணைக்கு இருந்த மகன், இசிஸ் என்ற மற்றொரு மனைவி பெற்ற குழந்தை. அவனே மூன்றாம் தூத்மோஸ்.

குழந்தை அரசனுக்காக அரச குடும்பத்துப் பெண் ஒருவர் ஆட்சியைக் கவனிப்பது எகிப்தில் புதிதன்று. இந்த மரபின் தொடக்கத்திலேயே அஹ்ஹோதெப், அஹ்மோஸ்-நெஃபெர்தாரி போன்ற அரசிகள் பெரும் செல்வாக்கோடு விளங்கினார்கள். தீப்ஸின் தலைமைக் கடவுள் ஆமூன்; ‘ஆமூனின் தேவமனைவி’ என்ற சமயப் பதவியும் ஹட்செப்சுட்டிடம் இருந்தது. தீப்ஸில் ஆமூனுக்குரிய கர்னக் கோயிலின் செல்வத்தோடும் குருமார்களோடும் நேரடித் தொடர்பைத் தந்த பதவி அது. இனேனி என்ற அதிகாரி தம் கல்லறையில், இரண்டாம் தூத்மோஸின் மகன் அரியணையில் அமர்ந்தான் என்றும், தேவமனைவி ஹட்செப்சுட் நாட்டின் காரியங்களை நடத்தினார் என்றும் எழுதி வைத்திருக்கிறார். பட்டம் சிறுவனுடையது, நிர்வாகம் ஹட்செப்சுட்டுடையது என்ற நிலை அந்தக் காலத்தவர் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

அப்படியானால் சிறுவனின் அரியணையை அவர் பறித்துக்கொண்டாரா?

‘மாற்றாள் மகனின் உரிமையைப் பறித்தவர்’ என்றவுடன் நம் மனம் கைகேயியை நினைப்பது இயல்பு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய மேனாட்டு அறிஞர்கள் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் இவரைச் சித்திரித்தார்கள். ஆனால் கைகேயி இராமனைக் காட்டுக்கு அனுப்பினாள். ஹட்செப்சுட் மூன்றாம் தூத்மோஸை எங்கும் அனுப்பவில்லை. சிறுவன் அரசனாகவே தொடர்ந்தான். ஹட்செப்சுட் தம் ஆட்சி ஆண்டுகளைப் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்காமல், அவனுடைய ஆண்டுக் கணக்கையே பின்பற்றினார். கர்னக்கின் ‘செந்நிறச் சன்னதி’யில் இருவரும் அரச உடையில் ஒன்றாகச் சடங்கு செய்யும் காட்சிகள் உள்ளன. வளர்ந்த பின் தூத்மோஸின் கையில் படையும் இருந்தது. அவர் கிளர்ந்தெழுந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

மாற்றம் நிகழ்ந்த காலத்தைக் காட்டுவது ஓர் எளிய வீட்டுப் பொருள். ஹட்செப்சுட்டின் முதன்மை அதிகாரியான செனென்முத்தின் பெற்றோரைப் புதைத்த கல்லறையில் கிடைத்த சாடிகளில் ஒன்று ஏழாம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. சில சாடிகளில் ‘தேவமனைவி ஹட்செப்சுட்’ என்றும், வேறு சிலவற்றில் அரசருக்கே உரிய ‘மாத்காரே’ என்ற பெயரும் முத்திரையாக உள்ளன. எனவே ஏழாம் ஆண்டுக்குள் அவர் பார்வோனாகிவிட்டார் என்று கொள்ளலாம். ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அவரே விட்டுச்சென்ற நேரடி விளக்கம் எதுவும் இல்லை. அரச மரபைக் காக்க வேண்டிய நெருக்கடி என்பார் ஒரு சாரார், தன்னாற்றலில் கொண்ட நம்பிக்கை என்பார் மற்றொரு சாரார். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆண் வேடமிட்டு மக்களை ஏமாற்றினாரா? சிலைகளில் தாடி ஏன்?

மிகுதியாகக் கேட்கப்படுவதும், மிகுதியாகத் தவறாக விடை சொல்லப்படுவதும் இந்தக் கேள்விதான்.

பார்வோனின் தாடி இயற்கையாக வளர்ந்தது அன்று. சடங்குகளில் அரசர்கள் கட்டிக்கொண்ட செயற்கைத் தாடி. தலையை மூடும் கோடிட்ட துணி, இடுப்பில் கட்டிய குட்டையான ஆடை, நெற்றியில் நாகம் ஆகியவற்றைப் போல அதுவும் பதவியின் அடையாளம். எகிப்தியச் சிற்ப மரபில் அரசரின் உருவத்துக்கென்று வரையறுத்த ஓர் இலக்கணம் இருந்தது. அந்தப் பதவியில் அமர்ந்தவரை அந்த இலக்கணப்படி வடிப்பதே சிற்பியின் கடமை.

ஹட்செப்சுட்டின் உருவம் ஒரே நாளில் மாறிவிடவும் இல்லை. சில சிலைகளில் அரசருக்குரிய தலையணியோடு பெண்ணுடல் தெளிவாகத் தெரிகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, வெண்கல்லில் செதுக்கிய அமர்ந்த சிலை அத்தகையது. அகன்ற மார்பும் தாடியும் கொண்ட முழு ஆண் வடிவத்தைப் பிற்காலச் சிலைகளிலேயே காண்கிறோம். எகிப்திய ஓவியத்தில் பெண்களுக்கு மஞ்சள் நிறமும் ஆண்களுக்குச் செம்பழுப்பும் பூசுவது வழக்கம். டெயிர் எல்-பஹாரி என்ற இடத்தில் அவர் எழுப்பிய கோயிலில் நின்ற பெருஞ்சிலைகளின் முகங்களில் மஞ்சள், இரண்டுக்கும் இடைப்பட்ட ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்களும் காணப்படுகின்றன.

இனி எழுத்தைப் பார்ப்போம். தமிழில் ‘ஆண்டான்’, ‘ஆண்டாள்’ என்று வினைமுற்றின் விகுதியே பாலைக் காட்டிவிடும். எகிப்திய மொழியிலும் பெண்பாலுக்கு ‘த்’ என்ற விகுதி உண்டு: ‘சா’ என்றால் மகன், ‘சாத்’ என்றால் மகள். ‘ராவின் மகன்’ என்பது பார்வோன்களின் வழக்கமான விருது. ஹட்செப்சுட்டின் கல்வெட்டுகள் பல இடங்களில் ‘ராவின் மகள்’ என்றே எழுதுகின்றன. அரசர்களைச் சிறப்பிக்கும் ‘வலிய காளை’ என்ற அடைமொழியை அவர் ஏற்கவில்லை. சங்கப் பாடல்களில் தலைவனைக் காளை என்று அழைக்கக் கேட்ட நமக்கு, ஒரு பெண் அதை ஏன் விட்டுவிட்டார் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. தாடியுள்ள உருவத்துக்குப் பக்கத்திலேயே பெண்பால் விகுதியோடு எழுதியவர் யாரை ஏமாற்றியிருக்க முடியும்? எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த ஷாம்போலியன் 1829இல் இந்தக் கோயிலுக்குச் சென்றபோது, தாடி வைத்த அரசரின் உருவத்தையும் பெண்பால் சொற்களையும் ஒன்றாகக் கண்டு குழம்பினார். அவருக்கு ஹட்செப்சுட் என்ற பெயரே தெரிந்திருக்கவில்லை.

தாம் கடவுளின் மகள் என்று அவர் சொல்லிக்கொண்டது உண்மையா?

உண்மை. லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் டெயிர் எல்-பஹாரி என்ற இடத்தில் அவர் எழுப்பிய கோயிலின் தூண் மண்டபம் ஒன்றில் அந்தக் கதை தொடர் சிற்பங்களாக உள்ளது. ஆமூன் கடவுள் முதலாம் தூத்மோஸின் உருவில் அரசி அஹ்மோஸின் அறைக்கு வருகிறார். கடவுளின் நறுமணத்தால் அரசி துயில் கலைகிறாள். அந்த மணம் புந்த்து நாட்டு மணம் என்று கல்வெட்டு சொல்கிறது. பிறகு ஆட்டுத்தலைக் கடவுளான க்நூம், குயவர் சக்கரத்தில் குழந்தையின் உடலையும் அதன் உயிர்நிழலையும் வனைகிறார். பார்வோன்கள் தெய்வப் பிறப்பு கோருவது வழக்கமே என்றாலும், முழுத் தொடராக இன்று எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது எனலாம். முதலாம் தூத்மோஸே தம் மகளை வாரிசாக அறிவித்ததாகவும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அதை அரசியல் விளம்பரமாகக் கொள்வதே பொருத்தம்.

செனென்முத் அவருடைய காதலரா?

சான்று இல்லை. செனென்முத் எளிய குடும்பத்தில் பிறந்து, ஆமூன் கோயில் சொத்துகளின் மேலாளராகவும் இளவரசி நெஃபெரூரேயின் ஆசிரியராகவும் உயர்ந்தவர். இளவரசியை மடியில் வைத்தும் மேலாடைக்குள் அணைத்தும் இருக்கும் அவருடைய சிலைகள் சிற்பக் கலையில் புதுமையானவை. அவர் உருவில் 20க்கும் மேற்பட்ட சிலைகள் கிடைத்துள்ளன. கோயிலுக்கு அருகே அவர் அமைத்த இரண்டாவது கல்லறையின் கூரையில் விண்மீன் கூட்டங்கள் வரையப்பட்டுள்ளன. எகிப்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய வானியல் கூரைகளுள் ஒன்று அது. அரசியின் கோயிலிலேயே, திறந்தால் கதவுக்குப் பின்னே மறைந்துவிடும் சுவர்ப் பகுதிகளில் தம் சிறிய உருவங்களை அவர் செதுக்க வைத்தார். கோயிலுக்கு மேலே உள்ள ஒரு குகையில் யாரோ கிறுக்கிய ஆபாசப் படத்தை இந்த இருவரோடு இணைத்துப் பேசுவார்கள். அதில் பெயர் எதுவும் இல்லை. அரசி ஒருவரிடம் ஓர் அமைச்சர் செல்வாக்குப் பெற்றால் ஊர் என்ன பேசும் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளலாம். அதற்கு மேல் கொள்ள இடமில்லை.

புந்த்து நாட்டுப் பயணம் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

அவரே அதைத் தம் ஆட்சியின் தலைசிறந்த செயல்களுள் ஒன்றாகக் கருதிக் கோயில் சுவரில் விரிவாகச் செதுக்கி வைத்ததால்தான். ஒன்பதாம் ஆட்சியாண்டில் நெஹ்சி என்ற கருவூல அதிகாரியின் தலைமையில் கப்பல்கள் சென்றன. சிற்பத்தில் ஐந்து கப்பல்கள் உள்ளன. கடவுளருக்குப் புகைக்கும் வெள்ளைப்போளமும் சாம்பிராணி வகைகளும் எகிப்தில் விளைவதில்லை. இடைத்தரகர்கள் கைமாற்றிக் கொண்டுவந்த பொருளை, விளையும் இடத்துக்கே ஆளனுப்பி வாங்குவதே நோக்கம்.

இந்தச் சிற்பங்களில் உள்ள நுட்பம் நேரில் கண்டவர்களின் குறிப்பு இல்லாமல் வந்திருக்காது. கால்கள் நட்டு உயரத்தில் கட்டிய குடில்கள், அவற்றில் ஏறச் சாய்த்த ஏணிகள், அடியில் நீரில் நீந்தும் மீன்கள் எல்லாம் உள்ளன. மீன்களை இன்றைய உயிரியலாளர்கள் இனம் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள். புந்த்தின் தலைவன் பராஹு மெலிந்தவனாகவும், அவன் மனைவி அதி மிகப் பருத்த உடலோடும் காட்சி தருகிறார்கள். பக்கத்தில் ஒரு கழுதை; ‘அவன் மனைவியைச் சுமக்கும் கழுதை’ என்று அதற்கு ஒரு குறிப்பு. 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய சிற்பியின் குறும்பு அந்த ஒரு வரியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

திரும்பிய கப்பல்களில் பொன், தந்தம், கருங்காலி, சிறுத்தைத் தோல், பபூன் குரங்குகள் வந்தன. வேர் மண்ணோடு கூடைகளில் வைத்துத் தண்டுகட்டிச் சுமந்து கொண்டுவந்த 31 நறுமண மரங்கள்தாம் முக்கியமானவை. அயல்நாட்டு மரங்களை உயிரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட முயன்றதற்கு உலகில் உள்ள மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. தம் பிறப்புக் கதையில் கடவுள் எந்த மணத்தோடு வந்தார் என்று எழுதினாரோ, அதே மணத்தைத் தந்தையின் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்த மகளாக அவர் தம்மைக் காட்டிக்கொண்டார். இரண்டு சிற்பத் தொடர்களும் ஒரே தளத்தில், சாய்தளப் பாதையின் இரு பக்கங்களிலும் எதிரெதிராக அமைந்திருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

புந்த்து என்பது பாண்டிய நாடாக இருக்கலாமா?

ஒலி ஒப்புமையைத் தவிர இதற்கு ஆதாரம் இல்லை. புந்த்து காட்சிகளில் ஒட்டகச்சிவிங்கி உள்ளது. அது ஆப்பிரிக்க விலங்கு. சிற்பத்தில் உள்ள மீன்கள் செங்கடலைச் சேர்ந்தவை. எகிப்தில் மம்மியாக்கப்பட்ட பபூன்களின் திசுக்களில் நடந்த வேதியியல் ஆய்வுகளும் இன்றைய எரித்திரியா, எத்தியோப்பியா, சோமாலியாவை உள்ளடக்கிய பகுதியையே சுட்டுகின்றன. செங்கடலின் தென்பகுதிக் கரையோரம் என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் உடன்படுகிறார்கள். பாண்டியர்களின் முத்து வணிகம் செங்கடல் துறைமுகங்களை எட்டியதற்குச் சான்று உண்டு. ஆனால் அது இவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தைய கதை.

அவர் போரே செய்யவில்லையா?

செய்திருக்கிறார். நூபியாவில், அதாவது எகிப்துக்குத் தெற்கே, அவர் காலத்தில் படையெடுப்பு நடந்ததை அதிகாரிகளின் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ‘அமைதிப் புறா’ என்ற பிம்பம் பிற்காலத்தவர் ஏற்றிச் சொன்னது.

கர்னக்கில் உள்ள ஊசித்தூண் அவருடையதா?

ஆம். ஒபெலிஸ்க் எனப்படும் ஒற்றைக்கல் ஊசித்தூண்களை அவர் இணைகளாக நிறுவினார். அவற்றுள் ஒன்று இன்றும் கர்னக்கில் நிற்கிறது. உயரம் சுமார் 29.5 மீட்டர், எடை ஏறத்தாழ 320 டன். எகிப்தில் இன்று நிற்கும் பண்டைய ஒபெலிஸ்குகளுள் இதுவே உயரமானது. அதன் இணை விழுந்துவிட்டது; அதன் மேற்பகுதி கோயிலின் புனிதக் குளத்துக்கு அருகே கிடக்கிறது. அஸ்வானில் செந்நிறக் கருங்கல்லை வெட்டி எடுக்கும் வேலை ஏழே மாதங்களில் முடிந்ததாக அடிப்பீடக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. இரும்புக் கருவி இல்லாத காலம் அது. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்தே பாறையைப் பிரித்தார்கள். நைலில் வெள்ளம் பெருகும்போது படகில் ஏற்றித் தீப்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். கூர்முனைக்குப் பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத் தகடு போர்த்தியதாகக் கல்வெட்டு கூறுகிறது.

அதே கல்வெட்டில் வேறோர் இடத்தில், வருங்காலத்தில் இந்த நினைவுச்சின்னங்களைப் பார்க்கும் மக்கள் என்ன பேசுவார்களோ என்று தம் உள்ளம் அங்கும் இங்கும் அலைவதாக அவர் சொல்கிறார். பார்வோன்களின் கல்வெட்டுகளில் தற்புகழ்ச்சி ஏராளம். இப்படி ஒரு தயக்கம் அரிது.

மூன்றாம் தூத்மோஸ் பழிவாங்குவதற்காக அவர் பெயரை அழித்தாரா?

அழிப்பு நடந்தது உறுதி. சிற்பங்களில் அவருடைய உருவங்கள் சுரண்டப்பட்டன. அரசர் பெயரைச் சுற்றி வரையும் பெயர் வளையங்களில் முதலாம், இரண்டாம் தூத்மோஸ்களின் பெயர்கள் புகுத்தப்பட்டன. ஒபெலிஸ்கைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடிப்பகுதியை மறைத்தார்கள். செந்நிறச் சன்னதியைப் பிரித்துப்போட்டார்கள். சிலைகளை உடைத்துக் கோயிலுக்கு அருகிலிருந்த குழிகளில் கொட்டினார்கள். பிற்காலத்தில் அபிதோஸில் முதலாம் சேத்தி செதுக்கிய அரசர் பட்டியலில் முதலாம், இரண்டாம், மூன்றாம் தூத்மோஸ்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள்; இடையில் ஒரு பெண் ஆண்டதற்கு அடையாளமே இல்லை.

ஆனால் பழிவாங்கல் என்ற விளக்கத்துக்குக் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. ஹட்செப்சுட் 22ஆம் ஆட்சியாண்டில் மறைந்தார். தனியரசரான தூத்மோஸ் உடனே இன்றைய இஸ்ரேலில் இருந்த மெகித்தோ நகரை நோக்கிப் படை நடத்தினார். அதன்பின் மேற்காசியாவில் ஆண்டுக்கணக்கில் படையெடுப்புகள் நடத்தினார். பெயரழிப்பு தொடங்கியதோ அவர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஹட்செப்சுட் இறந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து. அடக்கிய கோபம் அவ்வளவு காலம் காத்திருக்குமா? தம் மகன் இரண்டாம் ஆமன்ஹோதெப் தடையின்றி அரியணை ஏற, தந்தையிலிருந்து மகனுக்கு என்று நேர்கோட்டில் செல்லும் வம்சாவளி தேவைப்பட்டிருக்கும். கிளைக் குடும்பத்தார் யாரும் ஹட்செப்சுட்டின் பெயரைச் சொல்லி உரிமை கோராதிருக்கவும் வழி செய்திருக்கும். அழிப்பின் இலக்கையும் கவனிக்க வேண்டும்: பார்வோனாகிய ஹட்செப்சுட்டின் சின்னங்கள் சிதைந்தன, அரசியாக, இரண்டாம் தூத்மோஸின் மனைவியாக அவர் இருந்த பதிவுகளைப் பெரும்பாலும் யாரும் தொடவில்லை.

சிலைகளைப் பற்றியும் 2025இல் ஒரு மறுபார்வை வெளியானது. பல சிலைகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகிய மூட்டுகளில் முறையாக உடைந்துள்ளன; முகங்கள் பல சிதையாமல் உள்ளன. சிலையில் உறையும் ஆற்றலை நீக்குவதற்காக மற்றப் பார்வோன்களின் சிலைகளுக்கும் செய்த சடங்கு முறை இது என்கிறது அந்த ஆய்வு. வேண்டாத சிலைகளைப் பிற்காலத்தவர் கட்டடக் கல்லாகப் பயன்படுத்தியதும் சேதத்துக்கு ஒரு காரணம். சுவர்களில் பெயரைச் சுரண்டியதற்கு இந்த விளக்கம் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மோசேயை எடுத்து வளர்த்த பார்வோன் மகள் இவர்தானா?

விவிலியம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. எகிப்தியச் சான்றுகளிலும் அப்படி ஒரு செய்தி இல்லை.

அவருடைய மம்மி கிடைத்துவிட்டதா?

கிடைத்ததாக 2007இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாகி ஹவாஸ் அறிவித்தார். அரசர் பள்ளத்தாக்கில் ஹட்செப்சுட் தமக்காக அமைத்த கல்லறை 200 மீட்டருக்கும் மேல் வளைந்து பாறைக்குள் இறங்குகிறது. 1903இல் ஹோவர்டு கார்ட்டர் அதைத் தோண்டத் தொடங்கினார். உள்ளே இரண்டு கல் பேழைகள் இருந்தன, உடல் இல்லை. அருகிலுள்ள சிறிய கல்லறையொன்றில் இரண்டு பெண்களின் மம்மிகள் இருந்தன. ஒருத்தி அரச செவிலித்தாய். மற்றவள் யார் என்று தெரியாமல் நூறாண்டு கழிந்தது. ஹட்செப்சுட்டின் பெயர் பொறித்த மரப்பெட்டி ஒன்று வேறோரிடத்தில் கிடைத்திருந்தது. அதனைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது உள்ளே ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. அந்தப் பெயரறியா மம்மியின் தாடையில் உள்ள இடைவெளியோடு அது பொருந்துகிறது என்றார்கள். நடுவயது கடந்த, பருத்த உடல் கொண்ட, பற்கள் கெட்டுப்போன பெண். புற்றுநோயின் அறிகுறியும் உண்டு. பல்லின் வேர் அமைப்பு ஒத்துவரவில்லை என்று மறுப்போரும் இருக்கிறார்கள். எனவே அடையாளம் முடிந்த முடிபு அன்று. ஆயினும் 2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்றபோது, ஹட்செப்சுட் என்ற பெயரிலேயே அந்த மம்மியும் சென்றது.

இன்று அவரை எங்கே காணலாம்?

மூன்று தளங்களாகச் செங்குத்துப் பாறையின் அடியில் அமைந்த டெயிர் எல்-பஹாரி கோயிலே முதன்மையானது. போலந்து நாட்டு ஆய்வுக்குழு 1961 முதல் அங்கே மீட்புப் பணி செய்கிறது. குழிகளில் கிடந்த துண்டுகளை 1920களில் தோண்டியெடுத்து ஒட்டிய சிலைகள் கெய்ரோவிலும் நியூயார்க்கிலும் உள்ளன. பிரித்துப்போட்ட செந்நிறச் சன்னதியின் கற்கள் வேறொரு கட்டடத்துக்குள் நிரப்புக் கல்லாகக் கிடந்ததால் சேதமின்றித் தப்பின. இப்போது கர்னக்கின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அதை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஒபெலிஸ்கை மறைத்த சுவரும் அதே வேலையைச் செய்தது: மூடிய அடிப்பகுதியின் எழுத்து காற்றும் மணலும் படாமல் கூர்மையாக இருக்கிறது. டெயிர் எல்-பஹாரியில் உருவம் சுரண்டிய சுவர்களில், காலையில் வெயில் சாய்வாக விழும்போது, உளி கொத்திய தடங்களே ஓர் அரசரின் புறவடிவமாகத் தெரியும். சில இடங்களில் பக்கத்துப் பெயர் மட்டும் தூத்மோஸ் என்று மாறியிருக்க, அவரைக் குறிக்கும் பெண்பால் விகுதி திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறது.